விசிலா, ஊது ஹாரனா, காஸ் ஹாரனா? கடலுக்குப் போறவங்க கையில் எது இருக்கணும்?

மார்கழி, தை மாத விடியற்காலை. கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு பைபர் படகு கடலுக்குள் போகிறது. எதிரே இன்னொரு படகு மீனோடு கரைக்கு வருகிறது. நடுவில் பனிமூட்டம். டார்ச் அடித்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வருது. அந்த நேரத்தில் "நான் இங்கே இருக்கேன்" என்று எதிர்ப்படகுக்குச் சொல்ல மிச்சம் இருப்பது சத்தம் மட்டும்தான்.

படகில் இருக்கும் நாலு பேரும் சேர்ந்து கத்தினாலும் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி அது போகாது. அதற்காகத்தான் கையில் பிடித்து ஒலிக்கும் அவசரகால ஹாரன்கள் இருக்கின்றன. ஆன்லைனில் தேடினால் நூறு மாடல் வருது. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் டெசிபல் போட்டிருக்காங்க. எதை நம்புவது, எதை வாங்குவது?

சட்டம் என்ன சொல்லுது?

உலகம் முழுக்கக் கடலில் ஓடும் எல்லாக் கலங்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. 1972-ல் உருவான சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகள். இதன் 33-வது விதிப்படி 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களில் ஹாரன் இருந்தே ஆகணும். 20 மீட்டரைத் தொட்டால் மணியும் சேர்த்து வேணும். 12 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் "திறம்பட ஒலி எழுப்ப ஏதாவது ஒரு சாதனம்" இருக்கணும் என்று அதே விதி சொல்கிறது. நம்ம ஊர் பைபர் படகுகள் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஏதாவது ஒன்று என்றால்? விசில், ஊதுகுழல், தகரத்தைத் தட்டுவது, ஏன், சங்கு கூடப் போதும். டெல்டா ஊர்களில் நகராட்சி ஊதும் சைரனுக்கே பேரு சங்குதானே. "சங்கு ஊதிடுச்சு, சாப்பிடப் போகலாம்" என்று வயலில் வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கு. சத்தத்தை வைத்து எச்சரிப்பது இந்த மண்ணுக்குப் புதுசே இல்லை. நெல் அறுப்பவர்கள் முழக்கும் தண்ணுமை கேட்டுப் பறவைகள் வெருண்டு எழுவது சங்கப் பாட்டிலேயே வரும்.

டெசிபல் கணக்கு: இங்கேதான் ஏமாறுறோம்

ஹாரன் அட்டையில் 120, 130, 150 என்று எண்கள் இருக்கும். சில வாகன ஹாரன் விளம்பரங்களில் 300 டெசிபல் வரை பார்க்கலாம். சாதாரணக் காற்றில் ஓர் ஒலி அலை சுமார் 194 டெசிபலைத் தாண்டவே முடியாது. அதற்கு மேல் போனால் அது ஒலி இல்லை, குண்டுவெடிப்பு மாதிரியான அதிர்ச்சி அலை. 300 என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிடுங்க.

அடுத்த விஷயம், எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தாங்க? 1 மீட்டர் தள்ளி அளந்த 110-ம், 10 சென்டிமீட்டர் பக்கத்தில் வைத்து அளந்த 130-ம் ஒரே சத்தம்தான். தூரத்தைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 குறையும். 1 மீட்டரில் 120 டெசிபல் உள்ள ஹாரன் 10 மீட்டரில் 100, 100 மீட்டரில் 80, ஒரு கிலோமீட்டரில் 60. அறுபது என்பது பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசும் சத்தம். அமைதியான கடலில் அது கேட்கும். ஆனால் எதிர்ப்படகில் டீசல் எஞ்சின் ஓடிக்கிட்டிருந்தால்? அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் ஏற்கெனவே 80-க்கு மேல் சத்தம் இருக்கும். அவருக்கு உங்க ஹாரன் கேட்க நீங்க 100 மீட்டருக்குள் வந்திருக்கணும். அதனால்தான் பனியில் அவ்வப்போது எஞ்சினை நிறுத்தி, ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்கணும் என்கிறோம். ஹாரன் வாங்குவதில் பாதிதான் பாதுகாப்பு, மீதிப் பாதி இந்த ஒரு நிமிஷத்தில் இருக்கு.

காற்றும் விளையாடும். காற்று வீசும் திசையில் சத்தம் கீழே வளைந்து தூரம் போகும். எதிர்க்காற்றில் மேலே வளைந்து, தண்ணீர் மட்டத்தில் இருப்பவருக்குக் கேட்காமலே போயிடும். வாடை அடிக்கும்போது தெற்கே இருக்கும் படகுக்குக் கேட்பது, அதே தூரத்தில் வடக்கே இருக்கும் படகுக்குக் கேட்காது. "ஊதினேன், பதில் இல்லை, அப்ப யாரும் இல்லை" என்று முடிவு கட்டிடக் கூடாது.

கனமான குரலா, கீச்சுக் குரலா?

அதிகம் பேசப்படாத விஷயம் இது. விசில் சத்தம் சுமார் 3,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் இருக்கும். ஆரோக்கியமான காது அந்த அளவில்தான் ரொம்ப கூர்மை. ஆனால் வருஷக்கணக்கில் எஞ்சின் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் மந்தமாவதும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதே பகுதிதான். அதாவது, உங்க விசிலைக் கேட்க வேண்டிய மூத்த படகோட்டிக்கு அது கேட்காமல் போக வாய்ப்பு அதிகம். கடல் விதிகள் 75 மீட்டருக்குக் குறைவான கலங்களின் ஹாரனுக்கு 250 முதல் 700 ஹெர்ட்ஸ் என்று கனமான குரலைக் கேட்கின்றன. கனமான சத்தம் காற்றில் குறைவாகவே கரையும் என்பதும் ஒரு காரணம்.

எனவே, படகுக்குக் கனமான குரல் ஹாரன். ஆளுக்கு ஒரு விசில். எங்க கணிப்பில் இதுதான் சரியான ஜோடி.

கடையில் என்னென்ன இருக்கு?

முதலில் விசில். உள்ளே உருண்டை இருக்கும் போலீஸ் விசிலைத் தவிர்த்திடுங்க. உப்புத் தண்ணீர், மணல் பட்டால் உருண்டை ஒட்டிக்கும். உருண்டையே இல்லாத விசில்கள் இப்போ எங்கும் கிடைக்குது. கனடாவில் கூடைப்பந்து நடுவராக இருந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், உருண்டை சிக்கி விசில் ஊதாமல் போன கடுப்பில் உருவாக்கி 1987-ல் கொண்டுவந்த வகை இது. தண்ணீரில் முங்கி எழுந்தாலும் ஒரு ஊதில் தண்ணீர் வெளியே போயிடும். சர்வதேசத் தரத்திலான லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் கயிற்றில் கட்டிய விசில் இருக்கணும் என்பது விதி. உங்க ஜாக்கெட்டில் இருக்கா என்று இன்னைக்கே பாருங்க.

அடுத்து வாயால் ஊதும் ஹாரன். திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் ஊதுகுழலுக்கு அண்ணன் என்று வெச்சுக்கலாம். 2010 உலகக் கோப்பையில் காதைக் கிழித்த வுவுசெலா ஞாபகம் இருக்கா? அது மாதிரிதான். காஸ் வேண்டாம், பேட்டரி வேண்டாம், துரு பிடிக்காது. குறை ஒன்றுதான்: ஊத மூச்சு வேணும். குளிரில் நடுங்குபவர், அடிபட்டவர் ரொம்ப நேரம் ஊத முடியாது.

மூன்றாவது காஸ் டப்பா ஹாரன். மேலே குழல், கீழே அழுத்தப்பட்ட காஸ். ஒரு விரலால் அமுக்கினால் அலறும். சத்தத்தில் இதை அடிக்க மற்றது இல்லை. ஆனால் மூன்று விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒன்று, விடாமல் அமுக்கினால் டப்பா ஜில்லென்று ஆகி அழுத்தம் குறைந்து சத்தம் படுத்துடும், விட்டு விட்டுத்தான் அடிக்கணும். இரண்டு, உள்ளே காஸ் திரவமாக இருப்பதால் கடைசி வரை சத்தம் ஒரே மாதிரி வரும், திடீரென்று நின்றுவிடும். எவ்வளவு மிச்சம் இருக்கு என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தராசில் போட்டு எடை பாருங்க. புதுசா வாங்கிய அன்னைக்கு உள்ள எடையை டப்பா மேலேயே மார்க்கரில் எழுதி வெச்சா வேலை சுலபம். மூன்று, சில டப்பாக்களில் புரொப்பேன், பியூட்டேன் மாதிரி தீப்பிடிக்கும் காஸ் இருக்கும். லேபிளில் தீச்சுடர் படம் இருக்கான்னு பார்த்து வாங்கணும். அடுப்பு எரியும் இடத்திலோ, எஞ்சின் பக்கத்திலோ வைக்கவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே என்று பெரும்பாலான டப்பாக்களில் எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்த அளவைத் தொடுவது பெரிய விஷயம் இல்லை.

சைக்கிள் பம்பால் காற்றடித்து நிரப்பும் வகையும் உண்டு. காஸ் செலவு இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை அடிச்சதும் அழுத்தம் இறங்கிக்கிட்டே வரும்.

கடைசியாக சார்ஜ் போடும் எலக்ட்ரிக் ஹாரன். வாங்கினால் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கா என்று பாருங்க. 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும் என்று அர்த்தம். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும்தான் தாங்கும், அலைக்கு அது பத்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகோடு சேர்த்து ஹாரனும் சும்மாவே கிடக்கும். தடை முடிந்து போகும்போது பேட்டரி செத்திருக்கும். இதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

எப்படி ஊதணும்?

ஹாரன் வெச்சிருக்கும் பலருக்கும் இது தெரியாது. விதிப்படி குட்டை ஒலி சுமார் 1 விநாடி. நெட்டை ஒலி 4 முதல் 6 விநாடி.

பனிமூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் கலம், 2 நிமிஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு நெட்டை ஒலி. எஞ்சின் கலம் ஓடாமல் நின்றால் இரண்டு நெட்டை. வலை போட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு நெட்டை, இரண்டு குட்டை. 12 மீட்டருக்குக் குறைந்த படகு இதே முறையில் ஊதணும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் 2 நிமிஷ இடைவெளிக்குள் ஏதாவது ஒரு சத்தம் எழுப்பியே ஆகணும்.

ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் வேறு கணக்கு. ஒரு குட்டை என்றால் நான் வலப்பக்கம் திரும்புறேன். இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுறேன். வேகமாக ஐந்து குட்டை என்றால், "நீ என்ன பண்றேன்னு புரியல, மோதிடுவோம்" என்று அர்த்தம். நாகையிலிருந்து 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை பயணிகள் கப்பலோ, வேறு பெரிய கலமோ உங்களைப் பார்த்து ஐந்து முறை ஊதினால் கையசைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, விலகணும்.

நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அது ஆபத்து, உதவி தேவை என்ற அறிவிப்பு. விளையாட்டுக்கு அப்படி ஊதினால் பக்கத்துப் படகு வலையை அறுத்துவிட்டு ஓடி வரும்.

கப்பலுக்குக் கேட்குமா?

கேட்காது என்றே வெச்சுக்கங்க. சரக்குக் கப்பலின் மாலுமி அறை உயரத்தில், கதவு மூடி, ஏசி ஓடிக்கொண்டிருக்கும். 2017 ஜூன் 11 அன்று கொச்சிக்கு அருகே கார்மல் மாதா என்ற மீன்பிடிப் படகில் ஆம்பர் எல் என்ற கப்பல் மோதியதில் உயிர்கள் போயின. அந்த மாதிரி சூழலில் காப்பாற்றக்கூடியது விளக்கு, ரேடார் பிரதிபலிப்பான், விஎச்எஃப் சேனல் 16, படகில் இரவு முழுக்க முழித்திருக்கும் ஓர் ஆள். கை ஹாரன் படகுக்கும் படகுக்கும் நடுவில், தண்ணீரில் விழுந்தவருக்கும் தேடுபவருக்கும் நடுவில் வேலை செய்யும் பொருள்.

கரையில் இருப்பவங்களுக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. கரண்ட் போச்சு, செல்போன் டவர் போச்சு. மரம் விழுந்து வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் தொண்டை கிழியக் கத்துவதைவிட ஒரு விசில் ஊதுவது சுலபம், பலம் மிச்சம். பல நாடுகளில் மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது உதவிக்கான அழைப்பு. ஆல்ப்ஸ் மலை வழக்கப்படி நிமிஷத்துக்கு ஆறு, பிறகு ஒரு நிமிஷம் அமைதி. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு ராத்திரியில் நடந்து போகும் பாதயாத்திரைக் குழுக்களுக்கும் ஒளிரும் பட்டையோடு ஆளுக்கொரு விசில் போதும், காஸ் ஹாரன் தேவையில்லை. பின்னால் வரும் லாரி டிரைவரைத் திடுக்கிட வைப்பது நமக்கே ஆபத்து. கோடியக்கரைக்குப் போறவங்க அதைப் பையைவிட்டே எடுக்காதீங்க, அது வெளிமான் சரணாலயம்.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஹாரன் ஒலிக்க ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. பொது அவசரநிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. 120 டெசிபல் என்பது காது வலிக்கும் அளவு. சோதித்துப் பார்க்கிறேன் என்று குழந்தை பக்கத்தில் அமுக்கினால் காது நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கையை நீட்டி, முகத்தை விட்டு விலக்கி, ஆள் இல்லாத பக்கம் பார்த்து அடிக்கணும்.

கரைக்கு வந்ததும் ஹாரனை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வைங்க. காஸ் டப்பா என்றால் அடியில் துரு ஏறியிருக்கா என்று பாருங்க, ஏறியிருந்தால் மாத்திடுங்க. ஐஸ் பெட்டிக்கு அடியில் போட்டு வைக்காமல், இருட்டில் கையை நீட்டினால் கிடைக்கும் இடத்தில் கயிற்றில் கட்டுங்க. அதற்குப் பக்கத்திலேயே பெயின்ட்டில் இரண்டு எண்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093.