சட்டமுன்வடிவு (தமிழ்நாடு சட்டமன்றம்)

சட்டமுன்வடிவு என்பது, சட்டமாக இயற்றப்படுவதற்காகச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படும் வரைவு ஆகும். தமிழ்நாட்டில் ஒரு சட்டமுன்வடிவு சட்டமன்றப் பேரவையால் நிறைவேற்றப்பட்டு, ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே சட்டமாகிறது. பேரவையில் நிறைவேறியதுமே சட்டம் வந்துவிட்டதாகக் கருதுவது பரவலான பிழையாகும். பேரவையில் நிறைவேறிய பின் கைவிடப்பட்டவையும், ஒப்புதலின்றி ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருந்தவையும் உண்டு.

பெயர்

தமிழ்நாடு அரசின் ஆவணங்களில் சட்டமுன்வடிவு என்ற சொல் வழங்குகிறது. நாளிதழ்களிலும் பேச்சு வழக்கிலும் மசோதா என்ற சொல் மிகுதியாகப் பயன்படுகிறது. இலங்கையில் இது சட்டமூலம் எனப்படுகிறது. மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பன.

பேரவையில் கடக்கும் நிலைகள்

தமிழ்நாடு சட்டமன்றம் 1986 நவம்பர் 1 முதல் ஓரவை கொண்டது. அதற்கு முன் சட்ட மேலவையும் இருந்தது. மேலவை நீக்கப்பட்டதால், 234 உறுப்பினர்களைக் கொண்ட பேரவை மட்டுமே சட்டமுன்வடிவுகளை ஆராய்கிறது. ஒரு சட்டமுன்வடிவு பொதுவாகப் பின்வரும் நிலைகளைக் கடக்கிறது.

* அறிமுகம்: துறை அமைச்சர் பேரவையின் இசைவைப் பெற்று அறிமுகப்படுத்துகிறார். சட்டம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைக் கூறும் நோக்க காரண விளக்கவுரை இதனுடன் இணைக்கப்பட்டிருக்கும்.
* ஆய்வு: சட்டமுன்வடிவின் கொள்கை குறித்து உறுப்பினர்கள் விவாதிக்கின்றனர். பேரவை விரும்பினால் அதனைத் தெரிவுக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பலாம்.
* பிரிவு வாரியான வாக்கெடுப்பு: ஒவ்வொரு பிரிவும், அதற்குக் கொடுக்கப்பட்ட திருத்தங்களும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன.
* நிறைவேற்றம்: சட்டமுன்வடிவு முழுமையாக நிறைவேற்றப்படுகிறது. பெரும்பாலும் இது குரல் வாக்கெடுப்பு மூலமே நடைபெறுகிறது.

பேரவை கலைக்கப்பட்டால் அதன் முன் நிலுவையில் உள்ள சட்டமுன்வடிவுகள் காலாவதியாகும். கூட்டத்தொடர் முடித்து வைக்கப்படுவதால் மட்டும் அவை காலாவதியாவதில்லை. பேரவை நிறைவேற்றி ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை, பேரவை கலைக்கப்பட்டாலும் காலாவதியாவதில்லை என்று கேரளம் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1961-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

ஒப்புதல்

இந்திய அரசியலமைப்பின் 200-ஆவது உறுப்பின்படி, பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம். ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம். அல்லது குடியரசுத் தலைவரின் ஆய்வுக்காக ஒதுக்கி வைக்கலாம். பணச் சட்டமுன்வடிவு அல்லாத ஒன்றை மறுஆய்வு செய்யுமாறு கூறிப் பேரவைக்குத் திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பேரவை அதனைத் திருத்தத்துடனோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைத்தல் கூடாது. இவற்றை எத்தனை நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்று இவ்வுறுப்பு வரையறுக்கவில்லை. இயன்ற அளவு விரைவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது.

இந்த ஒப்புதல் முறை பிரித்தானிய மரபிலிருந்து வந்ததாகும். பிரித்தானியாவில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வடிவு ஒன்றுக்கு முடியரசர் ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708-ஆம் ஆண்டு, ஆன் அரசியின் காலத்தில் ஆகும்.

ஒப்புதல் கிடைக்க ஆகும் காலம் பெரிதும் வேறுபடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள்:

* சல்லிக்கட்டை அனுமதிக்கும் விலங்கு வதைத் தடுப்புத் திருத்தச் சட்டமுன்வடிவு 2017 சனவரி 23 அன்று நிறைவேறியது. சனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.
* இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவு 2022 அக்டோபரில் நிறைவேறியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார்.
* நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரும் மருத்துவப் பட்டப்படிப்புச் சேர்க்கைச் சட்டமுன்வடிவு 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2022 பெப்ரவரி 8 அன்று மீண்டும் நிறைவேற்றப்பட்டது. பின்னர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் தெரிவித்தார்.

பொதுப் பட்டியலும் பீடித் தொழிலும்

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம் ஆகிய இரண்டும் இத்துறையில் சட்டம் இயற்றலாம். மாநிலச் சட்டம் நடுவண் சட்டத்துடன் முரண்பட்டால் நடுவண் சட்டமே செல்லும். ஆயினும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தால், 254-ஆவது உறுப்பின்படி மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் செல்லுபடியாகும்.

மாநிலச் சட்டத்தின் எல்லையைத் திருநெல்வேலி மாவட்டத்தின் பீடித் தொழில் நன்கு காட்டுகிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள முக்கூடல் பேரூராட்சி பீடித் தொழிலுக்கு அறியப்பட்ட ஊராகும். இப்பகுதியில் பெண்கள் பலர் இலையும் தூளும் பெற்று வந்து வீட்டிலேயே பீடி சுற்றுகின்றனர். பீடித் தொழிலிடங்களின் பணி நிலைமைகளை ஒழுங்குபடுத்தச் சென்னை மாநிலம் 1958-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் ஒரு மாநிலத்தில் கட்டுப்பாடு வந்தால், கட்டுப்பாடற்ற வேறு மாநிலத்துக்கு இடம்பெயர்வது இத்தொழிலுக்கு எளிது. பெரிய இயந்திரங்களோ கட்டடங்களோ இதற்குத் தேவையில்லை. இக்காரணத்தால் நாடு முழுமைக்குமான பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நாடாளுமன்றம் 1966-ஆம் ஆண்டு இயற்றியது. வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுபவரும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வந்தது இச்சட்டத்தின் முதன்மையான கூறு ஆகும். இச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1974-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

திரும்பப் பெறப்பட்ட சட்டமுன்வடிவு: 2023

தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தச்) சட்டமுன்வடிவு, 2023 ஏப்ரல் 12 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசனால் அறிமுகப்படுத்தப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்துக்கு உச்ச வரம்பு விதித்திருந்தது. அச்சட்டத்தில் 65அ என்ற பிரிவைச் சேர்த்து, வேலை நேரம், ஓய்வு நேரம், மிகைநேர ஊதியம் முதலியவை பற்றிய விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருவதே இதன் நோக்கம் ஆகும். நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இது வழிவகுக்கும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது என்றும், விரும்பும் தொழிலாளர்களுக்கு வாரத்தில் 4 நாள் வேலை கிடைக்கும் என்றும் அரசு விளக்கம் அளித்தது.

அறிமுகமான 9 நாட்களில், ஏப்ரல் 21 அன்று, குரல் வாக்கெடுப்பில் இது நிறைவேறியது. காங்கிரசு, இடதுசாரிக் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் கட்சி உள்ளிட்ட ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்களுடன் நடைபெற்ற பேச்சுக்குப் பின், ஏப்ரல் 24 அன்று முதலமைச்சர் இதனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். மே நாளன்று, திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். பேரவையின் வாக்கெடுப்பைக் கடந்த பின்னரும், ஒரு சட்டமுன்வடிவு சட்டமாகாமல் நின்றுபோகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

பல்கலைக்கழகச் சட்டமுன்வடிவுகள்

மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தரை, வேந்தர் என்ற முறையில் ஆளுநர் நியமித்து வந்தார். இவ்வதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் சட்டமுன்வடிவு 2022 ஏப்ரல் 25 அன்று நிறைவேற்றப்பட்டது. திருநெல்வேலி அபிசேகப்பட்டியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இதில் அடங்கும். இது உள்ளிட்ட, 2020 முதல் 2023 வரை நிறைவேறிய 12 சட்டமுன்வடிவுகள் ஒப்புதலின்றி நிலுவையில் இருந்தன. அவற்றுள் இரண்டு முந்தைய அ.இ.அ.தி.மு.க. ஆட்சிக் காலத்தவை. எஞ்சியவை தி.மு.க. ஆட்சிக் காலத்தவை.

தமிழ்நாடு அரசு 2023-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதன் பின்னர் நிகழ்ந்தவை:

* 2023 நவம்பர் 13: ஆளுநர் ஆர். என். ரவி 10 சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதலை நிறுத்தி வைத்தார். இரண்டு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன.
* 2023 நவம்பர் 18: சிறப்புக் கூட்டத்தில் பேரவை அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது.
* 2023 நவம்பர் 28: ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவரின் ஆய்வுக்காக ஒதுக்கினார்.
* 2025 ஏப்ரல் 8: நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இச்செயல் சட்டப்படி தவறு என்று கூறியது. பத்தும் 2023 நவம்பர் 18 முதல் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றும் தீர்ப்பளித்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்புகளையும் வகுத்தது. இதையடுத்து அவை ஆளுநரின் கையொப்பமின்றியே அரசிதழில் சட்டங்களாக வெளியிடப்பட்டன.
* 2025 மே 21: துணைவேந்தர் நியமன அதிகாரம் தொடர்பான விதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இத்தீர்ப்பு எழுப்பிய 14 கேள்விகளைக் குடியரசுத் தலைவர் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் கருத்துரைக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2025 நவம்பர் 20 அன்று கருத்துரை வழங்கியது. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது என்றும், ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறைக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்றும் அவ்வமர்வு கூறியது. அதே வேளையில், ஆளுநர் பேரவைக்குத் திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை நிறுத்தி வைக்க இயலாது என்றும், காரணமின்றி நீண்டகாலம் செயலற்றிருந்தால் முடிவெடுக்குமாறு மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் கூறியது.

நிலையை அறியும் முறை

ஒரு சட்டமுன்வடிவின் நிலையை அறிய நான்கு நாட்களைப் பிரித்தறிதல் வேண்டும்: அறிமுகமான நாள், பேரவை நிறைவேற்றிய நாள், ஒப்புதல் பெற்ற நாள், நடைமுறைக்கு வந்த நாள். ஒப்புதலுக்குப் பின் அரசிதழில் சட்ட எண்ணுடன் வெளிவருவதே சட்டம் ஆகும். அவ்வாறு வெளிவந்த பின்னரும், அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும் என்று சட்டத்திலேயே கூறப்பட்டிருந்தால், அவ்வறிவிப்பு வரும்வரை அது செயற்படாது. தொழிற்சாலைகள் சட்டத்துக்கும் 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டத்துக்கும் மாற்றாக நாடாளுமன்றம் இயற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று ஆகும். இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலும் தொழிற்சாலைகளுக்கும் பீடித் தொழிலுக்கும் பழைய சட்டங்களே பொருந்தின.