தேநீரும் பெண்களின் இனப்பெருக்க நலமும்

தேநீர் என்பது காமெல்லியா சினென்சிஸ் என்னும் செடியின் இலைகளிலிருந்து தயாரிக்கப்படும் பானம் ஆகும். இதிலுள்ள காஃபீன், பாலிபீனால்கள் ஆகிய வேதிப்பொருட்கள் கருத்தரிப்பு, கருக்காலம், பாலூட்டல் ஆகிய நிலைகளில் பெண்களின் உடல்நலத்தோடு தொடர்புடையவை. அளவாக அருந்தப்படும் தேநீர் பெரும்பாலான பெண்களுக்குத் தீங்கானதாகக் கருதப்படுவதில்லை. எனினும் அருந்தும் அளவும் நேரமும் கவனிக்கத்தக்கவை.

காஃபீனும் கருக்காலமும்

240 மி.லி. கறுப்புத் தேநீரில் ஏறத்தாழ 47 மி.கி. காஃபீனும், அதே அளவு பச்சைத் தேநீரில் ஏறத்தாழ 28 மி.கி. காஃபீனும் உள்ளன. இலையின் அளவு, கொதிக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறுபடும். உடலில் சேரும் காஃபீனில் பாதி நீங்குவதற்குப் பொதுவாக 5 மணி நேரம் ஆகிறது. கருக்காலத்தில் இதனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் செயல்பாடு குறைவதால், இறுதி மாதங்களில் இக்காலம் சுமார் 15 மணி நேரம் வரை நீள்கிறது. காஃபீன் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. கருவின் கல்லீரலால் அதனைச் சிதைக்க இயலாது.

நாளொன்றுக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபீன் உட்கொள்ளும் கருவுற்ற பெண்கள், கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை பிறத்தல் ஆகியவற்றின் வாய்ப்பைத் தவிர்க்க அதனைக் குறைத்துக்கொள்ளுமாறு உலக சுகாதார அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் 200 மி.கி. வரை பாதுகாப்பானது என அறிவித்தது. இக்கணக்கில் காப்பி, கோலா பானங்கள், சாக்கலேட்டு ஆகியவற்றிலுள்ள காஃபீனும் அடங்கும்.

இரும்புச்சத்து

தேநீரிலுள்ள பாலிபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புடன் பிணைந்து, அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. மாதவிடாயால் இரும்பை இழக்கும் பெண்களுக்கும், கருவின் வளர்ச்சிக்காகக் கூடுதல் இரும்பு தேவைப்படும் கருவுற்றோருக்கும் இது முக்கியமானது. இந்தியாவில் 2019–21 காலத்தில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், கருவுற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும் குருதிச்சோகை இருந்தது. இதற்குத் தேநீர் மட்டுமே காரணம் அன்று. ஆயினும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் அதன் பயன் குறைகிறது. உணவுக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விட்டுத் தேநீர் அருந்துவதும், உணவில் எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற உயிர்ச்சத்து சி நிறைந்தவற்றைச் சேர்ப்பதும் நன்மை தரும். பச்சைத் தேநீருக்கும் இது பொருந்தும்.

கருத்தரிப்பு

1988இல் வெளியான ஓர் ஆய்வு, மிகுதியாகக் காஃபீன் உட்கொள்ளும் பெண்கள் கருத்தரிக்கத் தாமதமாகலாம் எனக் கூறியது. பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபடவில்லை. 2012இல் வெளியான டென்மார்க்கு ஆய்வில் தேநீர் அருந்தியோர் சற்று விரைவாகக் கருத்தரித்தது காணப்பட்டது. இவை கூர்நோக்கு ஆய்வுகள் ஆதலால், தேநீரே காரணம் என நிறுவ இயலாது. எனவே தேநீர் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்பதற்கோ நீக்கும் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை.

பாலூட்டல்

தாய் உட்கொள்ளும் காஃபீனில் ஏறத்தாழ 1 விழுக்காடு தாய்ப்பாலில் கலக்கிறது. பிறந்த குழந்தையின் உடலிலிருந்து காஃபீன் நீங்கப் பல நாட்கள் ஆகலாம் என்பதால், தாய் மிகுதியாக அருந்தினால் குழந்தைக்கு உறக்கக் குறைவும் எரிச்சலும் ஏற்படலாம்.

மூலிகைத் தேநீர்

மூலிகைத் தேநீர் எனப்படுபவை பெரும்பாலும் தேயிலையிலிருந்து தயாரிக்கப்படுபவை அல்ல. அவற்றில் பலவற்றில் காஃபீன் இல்லை. எனினும் சில மூலிகைகள் கருக்காலத்தில் பாதுகாப்பற்றவை என்பதால், அவற்றை அருந்துமுன் மருத்துவரின் ஆலோசனை பெறுதல் வேண்டும்.