தாள் விளிம்பில் முல்லையாறு

டிராப்ட்ஸ்மேனாக நான் வேலை பழகிய நாட்களில், கம்பம் பள்ளத்தாக்கை ஒரே பார்வையில் பார்க்கப் பாய் விரித்து மூன்று டோப்போ ஷீட்டுகளை, அதாவது நில வரைபடத் தாள்களை, ஒட்டிவைக்க வேண்டும். கம்பம் 58ஜி/6 எண் தாளில், உத்தமபாளையம் 58ஜி/5-இல், தேனி 58எஃப்/8-இல். கம்பத்துக்கு வடக்கே ஒரு தாள் முடிய, முல்லையாறு அடுத்த தாளுக்குள் நுழையும். அந்த விளிம்பில் ஆற்றின் கோடு பிசகாமல் சேர வேண்டும். அதுதான் என் முதல் பாடம்.

2006-இல் அவற்றை ஸ்கேன் செய்தோம். 1:50,000 அளவுப் படம் பக்கத்துக்குச் சுமார் 55 செ.மீ. அங்குலத்துக்கு 400 புள்ளி வைத்தால் 8,700-க்கு 8,700. வண்ணத்தோடு ஒரு தாளே 225 எம்.பி.; எங்கள் கணினியின் நினைவகம் 256 எம்.பி. மூன்றையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடும்.

ஜேபெக்காகச் சுருக்கிப் பார்த்தோம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமதும், அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றமே அதன் அடித்தளம். முகங்களுக்கு அருமையான முறை. ஆனால் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், அதிகம் அழுத்தினால் கோட்டோரமெல்லாம் கறை படியும். மலைச்சரிவின் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உயர எண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியவில்லை.

கைகொடுத்தது வேவ்லெட் என்ற சுருக்கும் முறை. ஹங்கேரியக் கணித அறிஞர் ஆல்ஃப்ரெட் ஹார் 1910-இல் வெளியிட்ட கணக்கில் அதன் வேர் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைத் தனியாகவும் வித்தியாசத்தைத் தனியாகவும் வைக்க வேண்டும். சராசரிகள் சேர்ந்தால் பாதி அளவுப் படம். ஐந்து முறை பாதியாக்கினால் 8,700 சுமார் 270 ஆகிவிடும். ஒரே பச்சையாகக் கிடக்கும் காட்டில் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். அது இடமே பிடிக்காது. 1990-களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிறந்த மிஸ்டர்சிட், 2000-இல் வந்த ஜேபெக் 2000 என்ற கோப்பு வடிவங்கள் இந்த வழியில் வந்தவை. முதலில் சின்னப் படம் வரும்; நாம் பெரிதாக்கும் இடத்தின் நுணுக்கம் மட்டும் பிறகு வந்து சேரும்.

தாலுகா படம், கிராமப் படம், புலப்படம் என்று படிப்படியாக இறங்கி வயலைத் தேடும் நில அளவர்களுக்கு இது பழகிய வழிதான்.

ஜேபெக் 2000-இல் ஒரு புள்ளியும் இழக்காமல் சுருக்கலாம். ஆனால் அப்போது கோப்பு அவ்வளவு சிறிதாகாது. மூலப் பிரதிகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன். மெல்லிய கோடு ஒன்று அழிந்தால் ஓர் ஓடையே படத்திலிருந்து போய்விடும். இன்றும் அந்தப் படத்தைத் திறந்தால் கம்பத்துக்கு வடக்கேதான் முதலில் பெரிதாக்குவேன். முல்லையாறு சேர்ந்தே ஓடுகிறது.