மலாயா சென்ற யாழ்ப்பாணத்தாரும் அவர்தம் மொழியும்

தமிழ்ப் பற்றிற்குப் பெயர்பெற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கடல்கடந்து சென்ற ஒரு சமூகம், மூன்று தலைமுறைக்குள் அம்மொழியை இல்லத்திலிருந்து நழுவவிட்ட வரலாறு மலாயாவிலே நிகழ்ந்தது. சிற்றூரை விட்டு நகரஞ் சேரும் இளைஞரின் தாய்மொழியை நகரம் விழுங்கிவிடும் என்பது இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். அக்கூற்று முற்றிலும் தவறானதன்று. ஆயினும் யாழ்ப்பாணத்தாரைப் பொறுத்தவரை, நகரம் முடித்துவைத்த காரியத்தைத் தொடக்கிவைத்தது கிராமமே எனலாம்.

1816ஆம் ஆண்டிற் குடாநாட்டிற்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அங்கே ஆங்கிலத்தின் வாயிலாகக் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன, தமிழும் புறக்கணிக்கப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. அவருட் பின்னவர் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்துத் தமிழுலகிற்கு அளித்தவர். எனவே ஆங்கிலக் கல்வியே தமிழை அழித்தது என்று எளிதிற் கூறிவிடுதல் பொருந்தாது.

மாணவர் பலர் மதபோதகராகாது அரசாங்க உத்தியோகத்தை நாடியமை மிஷனரிமாருக்கு மனநிறைவு தரவில்லை. 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆனால் குடாநாட்டாரின் ஆங்கில வேட்கை அதனோடு மூடப்படவில்லை. 1872இல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அதே ஆண்டில், மிஷனரிமாரின் சமயப் பணியை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. சமயத்தில் முரண்பட்டு நின்றோர் ஆங்கிலத்தின் தேவை பற்றி முரண்படவில்லை.

இதன் காரணம் மண்ணிலே கிடந்தது. ஆறுகளற்ற சுண்ணாம்புக்கல் நிலம்; கிணற்று நீரை இறைத்துச் செய்யும் தோட்டம்; காசுப் பயிராகப் புகையிலை. நிலமோ சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டு வந்தது. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியைச் சோம்பேறிகளின் வாக்கெனச் சிலர் எள்ளுவர். பிரிந்து சிறுத்த காணியை நம்பி வாழ இயலாத குடும்பத்தின் கணக்கு அது.

அக்கணக்கிற்கு மலாயா விடையளித்தது. 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே அந்நாட்டின் முதற் புகையிரதம் ஓடியது. 1896இற் கூட்டிணைந்த மலாய் அரசுகள் உருவாகிக் கோலாலம்பூர் தலைநகராயிற்று. ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞரும் புகையிரத நிலைய அதிபரும் நிலஅளவை உதவியாளரும் தேவைப்பட்டனர். மானிப்பாய், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை முதலாம் ஊர்களின் இளைஞர் கப்பலேறினர். அவர் அனுப்பிய காசுக்கட்டளைகளால் ஊரிற் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பட்டன. ஓய்வூதியம் பெற்று ஊர் மீண்டவர் ‘மலாயன் பென்சனியர்’ என்று மதிக்கப்பட்டார்.

இம்முதல் தலைமுறையினர் அலுவலகத்தில் ஆங்கிலமும் இல்லத்திலே தமிழும் பேசினர். மணமகளை ஊரிலிருந்தே அழைத்தனர். திரும்பிச் செல்லும் எண்ணத்துடனேயே வாழ்ந்தனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904இல் தோன்றிய விவேகானந்த ஆச்சிரமமும் ஊர்ப் பற்றின் சான்றுகள். தமிழ் அங்கே நிலைத்திருக்கும் என்று எவரும் நம்பியிருப்பர்.

பிள்ளைகளின் பாடசாலையிலேயே திருப்பம் நேர்ந்தது. அக்காலத்து மலாயாவில் தமிழ்ப் பாடசாலைகள் இல்லாமலில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களிற் பாடசாலை அமைக்குமாறு விதித்தது. ஆனால் அவை தமிழகத்திலிருந்து வந்த இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குரியவை. தொடக்கக் கல்விக்கு அப்பால் வழிகாட்டாதவை. உத்தியோகத்தராகிய யாழ்ப்பாணத்தார் தம் மக்களை ஆங்கிலப் பாடசாலைகளுக்கே அனுப்பினர். இதிலே பொருளாதாரம் மட்டும் தொழிற்பட்டதாகக் கூற இயலாது. தோட்டத் தொழிலாளரோடு ஒன்றாக எண்ணப்படலாகாது என்ற வர்க்க உணர்வும் சாதி உணர்வும் அவர்களிடம் வலுத்திருந்தன. ‘சிலோன் தமிழர்’ என்று தம்மைத் தனித்துச் சுட்டிக்கொண்டனர். ‘செந்தமிழ் எம்முடையது’ என்று பெருமை பேசியவரின் பேரப்பிள்ளைகள் அதனை எழுத அறியாராயினர். எவருடைய தமிழ் தாழ்வானதென்று கருதப்பட்டதோ, அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களாலேயே மலேசியாவிற் பெரும்பாலும் தமிழ் இன்றுவரை வாழ்கிறது. இவ்வரலாற்றிற் கசப்பான பகுதி இதுவே.

வட்டுக்கோட்டையில் 1915இற் பிறந்து சிரம்பானில் வளர்ந்த சின்னத்தம்பி இராசரத்தினம் இம்மாற்றத்தின் உச்சத்தைக் காட்டுபவர். அவர் எழுதிய சிறுகதைகள் ஆங்கிலத்திலானவை. 1965இற் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரான அவரை யாழ்ப்பாணம் தன் மகனென்று கொண்டாடுதல் இயல்பு. அவரை எழுத்தாளராக்கிய மொழி தமிழன்று என்பதும் உண்மை.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி குடாநாட்டுடனான போக்குவரவை அறுத்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது திரும்பிச் செல்லும் எண்ணமும் தளர்ந்து, பலர் அந்நாட்டுப் பிரசைகளாயினர். ஊரிலிருந்து வந்த தாய் அடுக்களையிற் பேசியது தமிழ். மலாயாவிற் பிறந்து ஆங்கிலப் பாடசாலையிற் கற்ற மகள் தாயானபோது அடுக்களையின் மொழியும் மாறலாயிற்று. 1970 முதல் பாடசாலைகளில் மலாய்மொழி படிப்படியாக ஆங்கிலத்தின் இடத்தைப் பெற்றபோதும், பல இல்லங்களில் ஆங்கிலமே நிலைத்தது.

அதே மலேசியாவில் வாழும் சிந்தி மக்களை ஆராய்ந்த மாயா கேம்லானி டேவிட், அவர்களிடையேயும் இளையோர் ஆங்கிலத்திற்கு மாறியதைக் காட்டியுள்ளார். சிந்திகள் பெரும்பாலும் வணிகர். 1947இல் நாடு பிரிந்தபோது இந்துச் சிந்திகளின் தாயகம் பாகிஸ்தானிற் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தாருக்கோ ஊர் இருந்தது, கோயில் இருந்தது, எழுத்தும் ஏடும் இருந்தன. இருந்தும் விளைவு ஒன்றாயிற்று.

குடாநாட்டிலேயே இதனை முன்னுணர்ந்தோர் இருந்தனர். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸான இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால், தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியது. அவர்களும் ஆங்கிலம் கற்றவர்களே. 1940களின் நடுப்பகுதி முதல் இலங்கைப் பாடசாலைகளிற் சுயமொழி படிப்படியாகப் போதனாமொழியானது.

ஆகவே, 1983இன் வன்செயல்களுக்குப் பின் இலண்டனுக்கும் ரொறன்ரோவிற்கும் பெருந்தொகையாகச் சென்றோருட் பெரும்பாலோர் தமிழிலேயே கற்றவர். மலாயா சென்றோரைப் போலன்றி, இவர்கள் ஆங்கிலத்தை ஊரிலிருந்து கொண்டு சென்றவரல்லர். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளையும் அமைத்தனர். எனினும் அவர்தம் பிள்ளைகள் ஆங்கிலத்திற்கு நகர்வதை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்பு ஆசிரியராயிருந்த சுரேஷ் கனகராஜா தமது ஆய்வுகளிற் பதிவு செய்துள்ளார். குடும்பங்களின் அசட்டையே காரணம் என்ற எளிய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் ஆங்கிலம் ஒருவகை விடுதலையாகத் தோன்றுதலையும் அவர் சுட்டுகின்றார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் முன்னிலையாரை ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என மூன்று படிகளில் விளிக்கலாம். வயதில் முதிர்ந்த தொழிலாளியை ‘நீ’ என்றழைத்த வீட்டுச் சிறுவனின் தமிழும், அவனுக்கு ‘நீங்கள்’ என்று பதிலுரைத்த அம்முதியவரின் தமிழும் ஒரே மொழிதானா? அம்முதியவரின் பேர்த்தி ரொறன்ரோவில் எல்லோரையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் விளிக்கின்றாள். அவள் எதனை இழந்தாள் என்பதை ஆராய்வோர், எதனை உதறினாள் என்பதையும் உடன் கேட்கவேண்டியவராவர்.