திசைகாட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் கொஞ்சம் சரித்திரம்

புனேயில் மழைக்காலம் தொடங்கினால் போதும், நம்மூர்க் குடும்பங்களுக்கு மலையேறும் ஆசை வந்துவிடும். வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி பிடுங்கிவிட்டு, சனிக்கிழமை காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு ஏதாவது ஒரு கோட்டைக்குக் கிளம்பிவிடுகிறோம். அப்படிப் போகிறவர்களில் யாராவது ஒருவர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "நீங்கதான் இதெல்லாம் படிக்கிறவர் ஆச்சே, நல்ல திசைகாட்டியா ஒண்ணு சொல்லுங்க சார்."

கேட்டால் ஒரு பிராண்டு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்குச் சரித்திரம் பேசாமல் இருக்க முடியாது. (வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை.) தவிர, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கான பதில் அந்தச் சரித்திரத்திலேயேதான் இருக்கிறது.

"போன்லயே இருக்கே, எதுக்குத் தனியா?" என்பவர்களுக்கு: போனிலும் காந்த உணரிதான் இருக்கிறது. அதன் உறைக்குள் இருக்கும் சின்னக் காந்தம்கூட அதைக் குழப்பும். பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. சஹ்யாத்ரியில் ஜூலை மாதம் மேகம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் பிள்ளையின் சட்டை நிறம் தெரியாது. பாதையின் இரண்டு பக்கமும் சரிவு. அந்த இடத்தில் "வந்த வழி எது?" என்பது பொதுஅறிவுக் கேள்வி இல்லை.

ஒரு பாட்டிலில் தொடங்கிய விளையாட்டு

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய பொட்டல்வெளி. சதுப்பும் பாறையுமான மேட்டுநிலம். அதன் நடுவில் யாரும் எளிதில் போக முடியாத க்ரான்மியர் பூல் என்ற இடம். 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். பிறகு ஆட்கள் தபால் அட்டை எழுதி வைக்கத் தொடங்கினார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்த்துவிட வேண்டும். லெட்டர்பாக்ஸிங் என்ற விளையாட்டு இப்படித்தான் பிறந்தது. டக்ஸ் பூல் என்ற இடத்தில் 1938-ல் இன்னொரு பெட்டி வந்தது. 1998-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்த பிறகு அந்த நாட்டிலும் இது பரவியது.

இன்றைய விளையாட்டில் பெட்டிக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நோட்டும் இருக்கும். தேடிப் போகிறவர் தன் ஸ்டாம்பை அந்த நோட்டில் குத்திவிட்டு, பெட்டியின் ஸ்டாம்பைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். பெட்டி எங்கே என்பதற்குக் குறிப்பு உண்டு. "பெரிய பாறையிலிருந்து 140 டிகிரியில் 60 எட்டு" என்கிற மாதிரி. ஆக, கையில் ஊசியும் காலில் கணக்கும் இருந்தால் போதும்.

இங்கேதான் ஒரு சிக்கல். 1854-ல் இங்கிலாந்தில் காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டவில்லை. அதற்கு 20 டிகிரிக்கும் மேல் மேற்கே தள்ளிக் காட்டியது. பூமியின் காந்தப்புலம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் 2019-ல் கிரீன்விச்சில் ஊசியின் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றாகச் சேர்ந்தன, ஏறத்தாழ 360 வருடங்களுக்குப் பிறகு. அதாவது 1854-ல் ஒருவர் ஊசியைப் பார்த்து எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு இன்று ஒரு கிலோமீட்டர் நடந்தால், போய்ச் சேரும் இடம் சுமார் 350 மீட்டர் தள்ளி இருக்கும். ஊசியும் நல்ல ஊசி, எழுதியவரும் நல்லவர். ஆனாலும் பெட்டி கிடைக்காது!

இந்த விலகல் புதிதாகக் கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. சீனாவில் ஷென் குவோ என்ற அறிஞர் 1088 வாக்கிலேயே, ஊசி சரியாகத் தெற்கைக் காட்டாமல் கொஞ்சம் கிழக்கே சாய்கிறது என்று எழுதிவிட்டார். ஊசியைப் பற்றித் தெளிவாக எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றிலேயே ஊசியின் பிழையும் இருக்கிறது பாருங்கள். நான் சொல்ல வருவது இதுதான்: தப்பே பண்ணாத திசைகாட்டி என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தப்புப் பண்ணும் என்று நமக்குத் தெரிந்த திசைகாட்டிதான் நல்ல திசைகாட்டி.

ஜபமாலையில் நூறு மணி

நம் நாட்டில் இந்தப் பாடத்தை உயிரைப் பணயம் வைத்துப் படித்தவர் நைன் சிங் ராவத். குமாவுன் மலைப்பகுதியின் மிலம் கிராமத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்தில் திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாது. எனவே சர்வே துறையின் கேப்டன் மான்ட்கோமரி, மலைவாசிகளுக்கே அளக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பும் திட்டத்தைப் போட்டார். 1863-ல் டேராடூனில் பயிற்சி தொடங்கியது. முதல் பாடம் நடை. மேடோ பள்ளமோ, எட்டின் நீளம் மாறக்கூடாது. 2000 எட்டுக்கு ஒரு மைல்.

இந்து ஜபமாலையில் 108 மணி இருக்கும். பௌத்தர்களின் மாலையிலும் அதே 108. நைன் சிங்கின் மாலையில் 100 மணிதான். நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் எட்டு, ஐந்து மைல். கையில் சுற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்பெழுதும் காகிதம். யாரும் பார்க்காதபோது மட்டும் வெளியே எடுக்கும்படி ஒரு திசைகாட்டி. மாட்டிக்கொண்டால் தலை தப்பாது.

1865-ல் கிளம்பியவர் நேபாளம் வழியாக 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். பிறகு சாங்போ நதியையொட்டி மானசரோவர் பக்கமாகத் திரும்பினார். சுமார் 1200 மைல். ஒவ்வொரு எட்டும் எண்ணியது. லாசா பூமியில் எங்கே இருக்கிறது என்பதை வானத்து நட்சத்திரங்களை அளந்தும் குறித்து வந்தார். 1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004-ல் நம் தபால் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

லெட்டர்பாக்ஸ் தேடுகிறவர் யாரோ எழுதிய "இந்தத் திசையில் இத்தனை எட்டு" என்பதைப் பின்பற்றிப் போகிறார். நைன் சிங் அந்த வரிகளை எழுதிக்கொண்டே போனவர். ஒரு ஊசியை மட்டும் நம்பாமல் நடைக்கணக்கையும் நட்சத்திரத்தையும் சேர்த்து ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்துக்கொண்டார். அந்தப் பழக்கத்தால்தான் அவர் கொண்டுவந்த கணக்கு நின்றது.

ஆற்காட்டிலிருந்து கல்கத்தாவுக்கு

கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பெயராவது சில இடங்களில் இருக்கிறது. அதைச் சரிசெய்து கொடுத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? 1802-ல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை பிறகு இமயம் வரை போனது. அவருடைய தியோடலைட் அரை டன் கனம். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது அடிபட்ட கதை பலருக்குத் தெரிந்திருக்கும்.

லாம்ப்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட்டின் காலத்தில் பெரிய கருவிகளைப் பழுதுபார்த்துச் சீர்செய்தவர்களில் முக்கியமானவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். சொந்த ஊர் நம்ம ஆற்காடு. சென்னையில் இருந்தவரின் கைவேலையைப் பார்த்து, சர்வே அதிகாரியான பிளாக்கர் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். லண்டனிலிருந்து வந்திருந்த பாரோ என்ற கருவி வல்லுநர் போன பிறகு, 1840-களில் அந்தப் பொறுப்பே இவர் கைக்கு வந்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளிப் போய், தன் கைத்திறனை நம்பி நின்ற ஒரு மனிதர். நம்மில் பலருக்கு இவர் ஒருவகையில் மூத்த அண்ணன்!

டிராம் வந்தது, ஆய்வகம் போனது

இன்னொரு கதை, இது நம்ம பக்கத்து ஊர். மும்பை கொலாபாவில் 19-ம் நூற்றாண்டிலிருந்தே பூமியின் காந்தப்புலத்தை அளந்துவந்தார்கள். நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் சிக்கல். மின்சாரம் ஓடினால் ஊசி ஆடும். டிராமை நிறுத்த முடியுமா? கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகில் புதிய ஆய்வகம் கட்டினார்கள், காந்தத்தன்மை இல்லாத கல்லைப் பொறுக்கி, இரும்பைத் தவிர்த்து. 1904-லிருந்து 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்து, இரண்டு கணக்கும் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கொலாபாவில் நிறுத்தினார்கள். டிராம் 1907-ல் ஓடியது.

ஒரு ஊசிக்காக ஒரு ஆய்வகமே ஊர் மாறியது. நாமோ காரின் பானெட்டில் திசைகாட்டியை வைத்து வடக்கைத் தேடுகிறோம் :-)

சரி, எதை வாங்குவது?

மேலே சொன்ன கதைகளையே கடைக்கு எடுத்துப் போங்கள்.

பளபளக்கும் பித்தளைப் பெட்டித் திசைகாட்டி ஷோகேஸுக்கு அழகு. மலைக்கு வேண்டியது, வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அடித்தட்டு, டிகிரி போட்ட சுழலும் வளையம், திரவம் நிரப்பிய ஊசிக்கூடு. இந்த வடிவம் 1930-களில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் உருவானது. திரவம் ஊசியின் ஆட்டத்தைச் சட்டென்று அடக்கும். வளையத்தில் 2 டிகிரிக்கு ஒரு கோடு இருந்தால் போதும். ஓரத்தில் 1:50,000 அளவுகோல் இருந்தால் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு நேராகப் பொருந்தும்; அதில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர்.

அடுத்தது, சாய்வு. காந்த ஊசி வடக்கே பார்ப்பதோடு பூமிக்குள்ளும் எட்டிப் பார்க்கும். இங்கிலாந்தில் அந்தச் சாய்வு 65 டிகிரிக்கு மேல். தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போகப்போக ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, காந்த நடுக்கோடு அந்த வழியாகத்தான் போகிறது. (தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததற்கும் அதுதான் காரணம்.) சாய்வு அதிகமான நாடுகளுக்குச் செய்த ஊசியில் தெற்கு முனைக்குக் கொஞ்சம் கனம் கூட்டியிருப்பார்கள். அதனால் அமெரிக்காவிலிருந்து அத்தான் ஆசையாக வாங்கிவரும் திசைகாட்டி இங்கே தெற்கு முனை தாழ்ந்து, கூட்டில் உரசிக்கொண்டு நிற்கலாம். உலகம் முழுக்க வேலை செய்யும் ஊசியா, எந்த மண்டலத்துக்குச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை. மரமேசையில் வையுங்கள். மற்றத் திசைகாட்டிகளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஒன்று மற்றொன்றை இழுக்கும். ஊசி நின்றதும் வீட்டுச் சாவியைக் காட்டி வலப்பக்கம் இழுத்து விடுங்கள். பிறகு இடப்பக்கம். இரண்டு முறையும் அதே இடத்துக்குத் திரும்பினால் நல்லது. வெவ்வேறு இடத்தில் நின்றால் அச்சில் உராய்வு, வேண்டாம். திரவத்தில் பெரிய குமிழி இருந்தாலும் வேண்டாம்.

விலகலைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். தீபகற்ப இந்தியாவில் பெரும்பாலும் 2 டிகிரிக்குள்தான். ஒரு டிகிரி தப்பினால் 60 எட்டுக்கு ஒரு எட்டு விலகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தலைவலி வேறு. சஹ்யாத்ரி முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, அதில் இரும்புத் தாதுத்துகள் உண்டு. இடி விழுந்த உச்சிகளில் பாறையே காந்தமாகி ஊசியைத் திருப்பிவிடும். பாறையில் வைத்துப் பார்க்காமல் கையில் பிடித்துப் பாருங்கள். பத்து எட்டு நகர்ந்து மறுபடி பாருங்கள். முன்னே ஒரு அடையாளத்தைப் பார்த்துப் போனால், அங்கிருந்து திரும்பிப் பாருங்கள்; சரியாக 180 டிகிரி வித்தியாசம் வரவேண்டும். வராவிட்டால் அந்த இடத்தில் ஊசியை நம்பாதீர்கள். போனோடு ஒரே பாக்கெட்டில் போடவும் வேண்டாம். பலமான காந்தம் பக்கத்திலேயே கிடந்தால் ஊசியின் வடக்கு தெற்காகவே மாறிப்போவதும் உண்டு.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மலைக்குப் போக வேண்டியதில்லை. குடியிருப்புப் பூங்காவிலேயே டிபன் டப்பாவில் ஒரு ஸ்டாம்பும் நோட்டும் போட்டு ஒளித்து வையுங்கள். "வேப்பமரத்திலிருந்து 90 டிகிரி, 40 எட்டு" என்று சீட்டு எழுதிக் கொடுங்கள். யாருடைய எட்டு என்று சண்டை வரும். வரட்டும், நைன் சிங் கதையை அப்போது சொல்லுங்கள். கோட்டைகளில் மட்டும் கல்லைப் பெயர்த்துப் பெட்டி ஒளிக்க வேண்டாம், அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

என் மகளுக்கு நான் கொடுத்த முதல் கணக்கு இது: புனேயிலிருந்து மதுரை எந்தப் பக்கம்? வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தாள். சுமார் 155 டிகிரி. இப்போது எந்த மலை உச்சிக்குப் போனாலும் வளையத்தைத் திருப்பி வைத்து, "பாட்டி வீடு அந்தப் பக்கம்" என்று கையை நீட்டுகிறாள். ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். எவ்வளவு என்று அவளுக்கே தெரியும்.