ஆறாயிரத்துக்கு மேல் எழுந்த குரல்

டொயோட்டாவின் ஏடுகளில் 2இசட்இசட்-ஜிஇ என்று பதிவாகி, யமஹாவின் கைகளில் உருப்பெற்று, லோட்டஸ் கார்களில் ஏறிப் புகழடைந்த அந்த 1.8 லிட்டர் எஞ்சின் 1999இல் பிறந்தது; 2011இல் லோட்டஸும் அதைக் கைவிட நேர்ந்தபோது, புதிய கார் எதிலும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. இத்தனை ஆண்டுகள் கழித்து அதற்கு இரங்கல் எழுதுவது தாமதம் என்று தோன்றலாம். ஓர் எஞ்சினின் மறைவு உற்பத்தி நின்ற நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பது நமக்குத் தெரியும்: அதைச் சுமந்த வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாலையை விட்டு விலகி, உதிரிபாகங்கள் தீர்ந்து, அதன் நோய்நொடி அறிந்த கைகள் ஓய்ந்து, அது மெல்ல மெல்ல நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதன் குரலை ஒலிப்பதிவுகளில் மட்டுமே கேட்டவர்கள். அப்படியும் இந்தத் துக்கம் நம்முடையதுதான்.

அதன் குலத்தைச் சொல்ல வேண்டும். யமஹா என்றதும் நம் ஊரில் சிலருக்கு ஆர்எக்ஸ் 100 நினைவுக்கு வரும், சிலருக்கு மெல்லிசைக் கச்சேரியின் கீபோர்டு; இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. 1887இல் ஜப்பானின் ஹமமட்சு நகரில் பழுதான ஆர்கன் ஒன்றைச் சரிசெய்யப் போன டோரகுசு யமஹா தொடங்கிய இசைக்கருவித் தொழிலிலிருந்து, 1955இல் மோட்டார் சைக்கிள் செய்வதற்காகத் தனியே பிரிந்து வந்ததுதான் யமஹா மோட்டார் நிறுவனம். அதற்குப் பெரிய எஞ்சின் வேலைகளைக் கொடுத்து நம்பியது டொயோட்டா. 1967இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 2000ஜிடி கார் யமஹாவின் ஆலையில்தான் உருவானது. எண்பதுகளில் ஏஇ86, எம்ஆர்2 ஆகிய சிறு கார்களை உலகம் நேசிக்கக் காரணமான 4ஏ-ஜிஇ எஞ்சினிலும் யமஹாவின் கைவண்ணம் உண்டு. டொயோட்டா உறுதியான உடலைக் கொடுக்கும். யமஹா அதன் தலையை, அதாவது வால்வுகளும் கேம்ஷாஃப்டுகளும் குடியிருக்கும் மேற்பகுதியைச் செதுக்கித் தரும். ஒருவர் பெயர் காரின் முகப்பிலும் மற்றவர் பெயர் யார் கண்ணிலும் படாமலும் இருந்த அந்த உறவு, கூட்டு என்றால் என்ன என்பதற்கு நான் அறிந்த மிக நாகரிகமான எடுத்துக்காட்டு.

அந்த வழியில், செலிகா காரின் ஏழாம் தலைமுறைக்காக 1999இல் நம் எஞ்சின் வந்தது. அதற்கு 1இசட்இசட் என்றொரு உடன்பிறப்பு இருந்தது. அதே அளவு, அமைதியான சுபாவம், குடும்பக் கார்களுக்கென்றே பிறந்தது. இளையதற்கோ 82 மில்லிமீட்டர் விட்டத்தில் அகன்ற சிலிண்டர்களைக் கொடுத்தார்கள். சிலிண்டர்களுக்கு இடையே விரல் நுழைய இடமில்லாத அந்த நெருக்கத்தில் வழக்கமான இரும்பு உறைகளை வைக்க முடியாமல், பீங்கான் இழைகள் கலந்த அலுமினியத்தையே உட்சுவராக வார்த்தார்கள். டர்போ இல்லை, வேறு துணையும் இல்லை. காற்றை இயல்பாக இழுத்தே 1,796 கன சென்டிமீட்டரில் சுமார் 190 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு நூறைத் தாண்டிய அந்தக் கணக்கு அன்றைக்கு மிகச் சிலருக்கே வாய்த்தது.

அதன் உயிர் இருந்த இடம் கேம்ஷாஃப்டு. ஒரே தண்டில் ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் இரண்டு வகைக் குமிழ்கள்: ஒன்று தாழ்ந்தது, சந்தைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரப் போதுமானது; மற்றொன்று உயர்ந்தது, வால்வை ஆழமாகவும் நெடுநேரமும் திறந்து வைப்பது. உயர்ந்த குமிழ் எப்போதும் சுழன்றுகொண்டேதான் இருக்கும், ஆனால் அதன் அழுத்தம் வால்வைச் சென்றடையாது. நிமிடத்துக்கு 6,000 சுற்றைக் கடந்து, எஞ்சினும் போதிய அளவு சூடேறியிருந்தால்தான், எண்ணெயின் அழுத்தம் ஒரு சிறு முளையைத் தள்ளி இடைவெளியை அடைக்கும். அந்தக் கணமே உயர்ந்த குமிழ் பொறுப்பேற்றுக்கொள்ளும். வண்டியின் மூச்சு மாறும், ஒலி ஒரு கட்டை மேலேறும், 8,000 சுற்றை நோக்கி முள் பாயும். அதை ஓட்டியவர்கள் இந்தத் தருணத்தை ‘லிஃப்ட்’ என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். குளிர்ந்திருக்கும்போது எத்தனை கெஞ்சினாலும் அது வராது. காத்திருந்து சூடேற்றியவர்களுக்குத்தான் வரும். இந்தக் குணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை.

பிறந்த இடத்தில் அதற்கு முழு வாழ்வு கிடைக்கவில்லை. செலிகாவைத் தவிர கொரோலாவின் சில வகைகளிலும், மேட்ரிக்ஸிலும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பான்டியாக் வைப் ஜிடியிலும்கூட அது வேலை பார்த்தது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் காரின் முன்புறத்தில், 3,000 சுற்றுக்கு மேல் யாரும் மிதிக்காத பாதையில், தன்னால் என்ன முடியும் என்று காட்டச் சந்தர்ப்பமே வாய்க்காமல் எத்தனையோ இசட்இசட்கள் தங்கள் காலத்தைக் கழித்தன. அதன் உச்ச இழுவிசையே 6,800 சுற்றில்தான் வரும்; கீழே அது சாதாரண எஞ்சின், சில சமயம் சாதாரணத்துக்கும் சற்றுக் குறைவு. கனத்த உடலைக் கீழ்ச்சுற்றில் இழுக்கச் சொன்னால் அது சோர்ந்துபோயிற்று. குறை சொன்னவர்கள் அந்த நிலையில் அதைப் பார்த்தவர்கள்.

அதற்கு விடிவு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ஹெத்தெல் என்னும் சிற்றூரில் இருந்தது. போர்க்காலத்து விமானதளம் ஒன்றில் 1966 முதல் இயங்கிவந்த லோட்டஸ், இரவல் இதயங்களோடு வாழப் பழகிய நிறுவனம். காலின் சாப்மன் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கார்களில் ஃபோர்டு எஞ்சின் இருந்தது, கவென்ட்ரி கிளைமாக்ஸ் இருந்தது, யூரோப்பாவில் ரெனோ இருந்தது, 1989இல் வந்த எலானில் இசுசு இருந்தது. சொந்த எஞ்சின்களும் செய்தார்கள் என்றாலும், எடையைக் குறைப்பதிலும் சக்கரங்களைச் சாலையோடு பேசவைப்பதிலும்தான் அவர்கள் வித்தை இருந்தது. 1995இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் காட்டப்பட்ட எலீஸ் அந்த வித்தையின் சிகரம்: அலுமினியக் குழல்களை வெல்டு செய்யாமல் பசைகொண்டு ஒட்டிய, 68 கிலோ மட்டுமே எடையுள்ள அடிச்சட்டம், மொத்தக் காரும் முக்கால் டன்னுக்குள். அப்போது லோட்டஸின் உரிமையாளராக இருந்த ரோமானோ ஆர்ட்டியோலி, தம் பேத்தி எலிசாவின் பெயரையே அதற்கு வைத்தார்.

எலீஸின் முதல் இதயம் ரோவர் கம்பெனியின் கே-சீரிஸ். இலகுவானது, நல்லது, ஹெட் கேஸ்கெட் விஷயத்தில் மட்டும் அடிக்கடி கண்ணீர் வரவழைத்தது. அமெரிக்கப் புகை விதிகளுக்கு ஏற்ப அது தயாரிக்கப்படவும் இல்லை. ரோவரின் நிலையும் நாளுக்கு நாள் மோசமாகி, 2005 ஏப்ரலில் அந்த நிறுவனமே திவாலாகிப் போனது. அதற்கு முந்தைய ஆண்டே லோட்டஸ் வேறு கதவைத் தட்டிவிட்டிருந்தது. 2004இல் எலீஸ் 111ஆர் டொயோட்டாவின் எஞ்சினையும் ஆறு கியர் பெட்டியையும் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காகச் சுமந்து வந்தது. அமெரிக்க வாசலும் அதோடு திறந்தது.

டொயோட்டா கொடுத்தது எஞ்சினையும் கியர் பெட்டியையும் மட்டுமே. எஞ்சினை எப்படிப் பேசவைப்பது என்பதை லோட்டஸிடம் விட்டுவிட்டது. மூளையாகிய கணினிக்கு லோட்டஸ் பொறியாளர்கள் தங்கள் கட்டளைகளை எழுதினார்கள், குமிழ் மாறும் இடத்தை 6,200 சுற்றுக்கு அருகில் வைத்தார்கள், ஒரு கணத்துக்கு 8,500 வரை போகவும் அனுமதித்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடை, எடை. செலிகாவில் ஆயிரத்து நூறு கிலோவை இழுத்துவந்த எஞ்சின் இங்கே சுமார் 860 கிலோவை மட்டுமே இழுத்தது. கீழ்ச்சுற்றில் அதன் சோர்வு தெரியாமல் போயிற்று. மேல்சுற்றில் அதன் குரலுக்கும் ஓட்டுநரின் முதுகுக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான் இருந்தது. கியர் மாற்றுவதில் சற்றே அவசரப்பட்டால் முள் ஆறாயிரத்துக்குக் கீழே விழுந்து குரல் அடங்கிவிடும், ஆகவே ஓட்டுகிறவர் கவனத்தோடு இருக்க வேண்டும், பொறுமையாக எல்லைவரை போய்த்தான் மாற்ற வேண்டும். ஓட்டுநரிடம் இவ்வளவு கேட்ட எஞ்சின்கள் இன்று இல்லை என்பதுதான் என் வருத்தத்தின் நடுப்பகுதி.

பிறகு அதன் நல்ல காலம். எக்ஸீஜ் எஸ் காரில் ஈட்டன் சூப்பர்சார்ஜரைப் பொருத்தி 218 குதிரைத்திறன் தரச் சொன்னார்கள், தந்தது. அதற்கும் மேலே கேட்டார்கள், அதையும் தந்தது. கண்ணாடியும் கதவும் இல்லாத 2-இலெவன் என்ற பந்தயத்தட வண்டியிலும் அதுவே ஓடியது. அண்ணன் 1இசட்இசட்டும் 2006இல் ஹெத்தெலுக்கு வந்து எளிய எலீஸ் ஒன்றில் குடியேறியது. அதே 2006இல் செலிகா நின்றுபோனது, மற்ற டொயோட்டா கார்களும் வேறு எஞ்சின்களுக்கு மாறின. தனக்குத் தேவை முடிந்த பின்னும் டொயோட்டா, ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்கள் மட்டுமே செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்காக அந்த எஞ்சினைத் தொடர்ந்து கொடுத்துவந்தது. வியாபாரம்தான், ஆயினும் இதை வியாபாரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

குற்றம் குறை இல்லாத பெரியவர் யார்? ஆரம்ப கால எஞ்சின்களில் ராக்கர் தண்டைப் பிடிக்கும் சிறு போல்ட்டுகள் தேய்ந்து உடையும். உடைந்தால் லிஃப்ட் வராது. அவசரத்தில் மேல் கியருக்குப் பதில் கீழ் கியர் விழுந்தால் எண்ணெய்ப் பம்பின் பற்கள் நொறுங்கும், அதோடு எஞ்சினும். பந்தயத் தடத்தின் நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் தாகமெடுக்கும். இவை எல்லாம் தெரிந்தேதான் அதை நேசித்தார்கள். போல்ட்டை மாற்றினார்கள், பம்பைப் பலப்படுத்தினார்கள், எண்ணெய்த் தொட்டிக்குத் தடுப்பு வைத்தார்கள்.

கடைசிக் காலத்தில் 2008 முதல், அதே ஹெத்தெலில், எலீஸை அடிப்படையாகக் கொண்ட டெஸ்லா ரோட்ஸ்டர்களின் உடல்களும் உருவாகி, எஞ்சின் இல்லாமலே கப்பலேறின. பக்கத்துப் பக்கத்தில் ஒன்று இசட்இசட்டை ஏந்தியது, மற்றொன்று மின்கலத்துக்குக் காத்திருந்தது. ஐரோப்பாவில் 2011 தொடக்கத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான யூரோ 5 புகை விதி, 1999இன் வடிவமைப்புக்குத் தாண்ட முடியாத வேலியாயிற்று. அமெரிக்காவில் எலீஸுக்குக் கிடைத்திருந்த காற்றுப்பை விலக்கும் அதே ஆண்டில் காலாவதியானது. இரு கண்டங்களின் கதவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே மூடின. அந்த விதிகளை நான் பழிக்கவில்லை, நாம் மூச்சுவிடும் காற்றுக்காக வந்தவை, நம் உயிர் காக்க வந்தவை. வலி மட்டும் இருக்கிறது.

அதன் இடத்தில் டொயோட்டாவின் வேறு எஞ்சின்கள் வந்தன, கூட்டு முறியவில்லை. லோட்டஸின் எலீஸ், எக்ஸீஜ், எவோரா மூன்றும் 2021 இறுதியில் விடைபெற்றபோது மூன்றிலும் டொயோட்டாவின் எஞ்சின்தான் ஓடியது. பின்வந்த எமிராவில் டொயோட்டாவின் வி6 எஞ்சினும் மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் நான்கு சிலிண்டர் எஞ்சினும் இருக்கின்றன. மற்ற வீடுகளிலும் உறவுகள் உண்டு: டொயோட்டா 86இல் சுபாருவின் எஞ்சின், 2019இல் மீண்டு வந்த சுப்ராவில் பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர். அவற்றில் நல்லவை உண்டு, சுப்ராவின் எஞ்சின் மிக நல்லது. ஆனால் அங்கே எஞ்சினோடு அடிச்சட்டமும் மின்னணுவும் சேர்ந்தே பகிரப்பட்டன. சுப்ராவும் பிஎம்டபிள்யூவின் இசட்4உம் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஒரே ஆலையில் உருவாயின. ஒரு வீட்டு எஞ்சினை வேறொரு வீட்டின் சட்டத்தில் வைத்து, மூன்றாம் வீட்டின் செவிப்பழக்கத்தையும் அதில் கேட்கிற அந்த வகைக் கூட்டு, என் கணக்கில், இசட்இசட்டோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இசட்இசட்டை உருவாக்கிய பிறகு யமஹா லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் வி10 எஞ்சினைத் தந்தது. 2022இல் டொயோட்டாவுக்காக ஹைட்ரஜனை எரிக்கும் வி8 ஒன்றையும் காட்டியது. நம் எஞ்சினோ விபத்தில் நொறுங்கிய செலிகாக்களிலிருந்தும் துருவேறிய மேட்ரிக்ஸ்களிலிருந்தும் கழற்றப்பட்டு, எம்ஆர்2 போன்ற சிறு வண்டிகளில் மறுபடி பொருத்தப்படுகிறது. பள்ளி வாசலில் காலம் கழித்த பல இசட்இசட்கள் தங்கள் முதுமையில்தான் முதன்முறையாக எட்டாயிரம் சுற்றைக் காண்கின்றன. பீங்கான் கலந்த அந்தச் சிலிண்டர்ச் சுவரைச் சாதாரணக் கடைசலில் பெரிதாக்க முடியாது. தேய்ந்துவிட்டால் உட்சுவரை அகற்றி வேறு உறை இறக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை, எஞ்சினின் விலையையே விஞ்சலாம். அப்படியும் செய்துகொண்டிருக்கிறார்கள்.