தண்ணீர்க் குகைக்குள் போகும் விதிகள் பிறந்த கதை

எங்கள் மங்கலம்பேட்டைப் பக்கம் கோடை லீவு விட்டால் பசங்களுக்கு முதல் வேலை கிணறு தேடுவதுதான். நீச்சல் பழகியவுடன் அடுத்த பரீட்சை அடியில் போய் மண்ணெடுத்து வருவது. கையில் சேறு இல்லாமல் மேலே வந்தால் அன்று முழுக்கக் கிண்டல்தான்!

இந்த விளையாட்டுக்கு எங்களுக்குள் ஒரு விதி உண்டு. ஒருவன் முங்கினால் இன்னொருவன் படியில் நின்று சத்தமாக எண்ண வேண்டும். ஐம்பது தாண்டினால் யோசிக்காமல் குதிக்க வேண்டும். ஒரு நாள் எனக்கு எண்ண வேண்டிய நண்பன், ஆடு கொல்லைக்குள் போய்விட்டது என்று விரட்ட ஓடிவிட்டான். கீழே பழைய மோட்டார் கயிற்றில் என் கால் மாட்டிக்கொண்டது. எப்படியோ உதறிக்கொண்டு வந்துவிட்டேன். மேலே வந்து பார்த்தால் படியில் யாரும் இல்லை. தண்ணீருக்குள் இருந்ததைவிட அந்தக் காலிப் படிதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் முக்குளிக்கிறவர்களைப் பற்றிச் சமீபத்தில் நிறையப் படித்தேன். அதற்கென்று தொடக்கப் பயிற்சி இருக்கிறது. அதில் சொல்லித்தருவதில் பாதி, படியில் நின்று எண்ணுகிறவனைப் பற்றியதுதான்! அந்த விதிகள் எப்படி வந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊர்க் கடல்

முங்குபவனுக்குத் துணை வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். கயிறு மேலே தோணியில் ஒருவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தென்பக்கத்தில் சொல்வதுண்டு. தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் கவனம் சிதறாதாம். எல்லாத் தோணியிலும் அப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். துணைக்கு வருபவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ல்.

ஆனால் கடலுக்கும் குகைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடலில் ஆபத்து என்றால் தலைக்கு மேலே வழி இருக்கிறது. குகையில் தலைக்கு மேலே பாறை. வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

தபால் துறைக்காரர்கள் இறங்கிய குகை

1935ல் இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் உள்ள வூக்கி ஹோல் குகைக்குள் கிரஹாம் பால்கம், ஜாக் ஷெப்பர்ட் ஆகியோர் அடங்கிய குழு முக்குளித்தது. இந்த இருவரும் தபால் துறைப் பொறியாளர்கள். தலையில் உலோகக் கவசம், காலில் கனமான பூட்ஸ், காற்று மேலிருந்து குழாய் வழியாக வரும். நீந்தவில்லை, தரையில் நடந்தார்கள்! 1946ல் பால்கம் முயற்சியில் அங்கே குகை முக்குளிப்போர் குழு ஒன்று தொடங்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது.

அதே 1946 ஆகஸ்ட் மாதம் பிரான்சில் இன்னொரு சம்பவம். ழாக் கூஸ்தோ, ஃபிரெடெரிக் துமா என்ற இருவரும் வோக்லூஸ் ஊற்றுக்குள் இறங்கினார்கள். கயிற்றை மேலே பிடித்திருந்தவர் மொரிஸ் ஃபார்க். ஆழத்தில் இருவருக்கும் தலை சுற்றியது, துமா நினைவிழந்தார். கூஸ்தோ கயிற்றைப் பிடித்து ஏறப் பார்த்தார். மேலே இருந்தவரோ, கீழே இன்னும் கயிறு கேட்கிறார்கள் என்று நினைத்து விட்டுக்கொண்டே இருந்தார். பிடித்து ஏற ஏறக் கயிறு கீழே வருகிறது. யோசித்துப் பாருங்கள்!

கடைசியில் ஏதோ சரியில்லை என்று ஃபார்க்குக்குத் தோன்றி இழுத்ததால்தான் இருவரும் பிழைத்தார்கள். பிறகு இறங்கிய இன்னொரு ஜோடிக்கும் அதே கதி. காரணம் என்னவென்று பார்த்தால், சிலிண்டரில் காற்று நிரப்பிய இயந்திரம் தன் புகையையே உள்ளே இழுத்திருக்கிறது. காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்துவிட்டது. அவர்களைக் காப்பாற்றிய ஃபார்க் அடுத்த ஆண்டே, 1947ல், ஓர் ஆழ முக்குளிப்புச் சோதனையில் இறந்துபோனார்.

நெய்வேலியில் இல்லாதது, ஃபுளோரிடாவில் இருப்பது

கதை இப்போது அமெரிக்காவுக்குப் போகிறது. ஃபுளோரிடாவில் தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்துவிட்டது. அழுத்தத்தால் தண்ணீர் ஊற்றாக மேலே வருகிறது.

நமக்குப் பக்கத்தில் நெய்வேலியிலும் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். ஆனால் அது மணல் அடுக்குக்குள் இருக்கும் தண்ணீர். மணல் கரைந்து குகையாகாது. அதனால் விருத்தாசலம் வட்டாரத்தில் குகை முக்குளிப்புக்கு வாய்ப்பே இல்லை, கவலைப்படாதீர்கள் :)

ஃபுளோரிடா ஊற்றுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்தே. கடலில் முக்குளிக்கத் தெரிந்தவர்கள், இது என்ன பிரமாதம் என்று உள்ளே போனார்கள். துடுப்புக் காலணி ஒரு தடவை தரையில் பட்டால் போதும், வண்டல் கிளம்பி, கை கூடக் கண்ணுக்குத் தெரியாது. இப்படி 1960, 70களில் நிறையப் பேர் இறந்தார்கள். பயிற்சி தர 1968ல் ஓர் அமைப்பும் 1973ல் இன்னொன்றும் வந்தன.

ஷெக் எக்ஸ்லி என்ற ஓர் இளைஞர் 1966ல் குகைக்குள் போகத் தொடங்கினார். 23 வயதுக்குள் ஆயிரம் முறை போய்விட்டார்! பின்னாளில் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் செய்த பெரிய காரியம், இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டி, ஒவ்வொருவரும் ஏன் இறந்தார் என்று பார்த்தது. விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் சூளையைத் திறந்ததும் உடைந்த பியூஸ் கேரியரைத் தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள். விரிசல் மண்ணாலா, ஈரத்தாலா, சூட்டாலா என்று திருப்பிப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட அதே வேலைதான், ஆனால் இங்கே உடைந்தது மனிதர்கள்.

1979ல் அவர் வெளியிட்ட சின்னப் புத்தகத்தில் மூன்று காரணங்கள் முக்கியமாக நின்றன. வெளியிலிருந்து தொடர்ச்சியாக வழிகாட்டிக் கயிறு கட்டாதது, திரும்பி வரப் போதுமான காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மீறி ஆழம் போனது. பிறகு 1984ல் வெஸ் ஸ்கைல்ஸ் என்பவர் இன்னும் இரண்டைச் சேர்த்தார். குகைக்கான பயிற்சி வேண்டும், ஆளுக்கு மூன்று விளக்காவது வேண்டும். இந்த ஐந்தும்தான் இன்றைய தொடக்கப் பாடம்.

மூன்றில் ஒரு பங்கு யாருடையது?

எனக்கு மிகவும் பிடித்தது காற்றுக் கணக்கு. சிலிண்டரில் 180 பார் காற்று இருந்தால் 60 செலவானதும் திரும்பிவிட வேண்டும். திரும்பி வர 60. மீதி 60?

அது துணைக்கு வருபவருக்கு! குகையின் கடைசி முனையில் அவருடைய காற்று மொத்தமும் போய்விட்டது என்று வையுங்கள். என்னிடம் 120 இருக்கும். இரண்டு பேர் வெளியே வர ஆளுக்கு 60. கணக்கு அப்படியே தீர்ந்துவிடுகிறது, ஒரு மூச்சுக் கூட மிச்சமில்லை. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் அதுவும் போதாது. அதனால்தான் பலர் இன்னும் அதிகமாகவே ஒதுக்குகிறார்கள்.

தொடக்க நிலைப் பயிற்சியில் பகல் வெளிச்சம் கண்ணில் படும் தூரத்தைத் தாண்ட விட மாட்டார்கள். கயிறு கட்டிப் பழகுவதே முதலில் தரையில், மரத்துக்கு மரம் சுற்றித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைத் தொட்டபடி வெளியே வர வேண்டும். கயிறு தொலைந்தால் தேடுவது, துணை தொலைந்தால் தேடுவது, ஒரே சிலிண்டரில் இருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நீந்துவது எல்லாம் உண்டு.

பயிற்சி முடித்தவுடன் வரும் சிக்கல், யாரோடு போவது என்பது. சான்றிதழைப் பார்த்து மட்டும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களிடம் ஒரு மரபு இருக்கிறது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டைவிரலைத் தூக்கலாம். 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'வெளியே போகலாம்' என்று அர்த்தம். உடனே எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்டுக் கோபப்படக் கூடாது. கிண்டல் கூடாது. எங்கள் கிணற்று விளையாட்டில் இது ஒன்றுதான் இல்லை!

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. இங்கிலாந்தின் குகைகள் இடுக்கானவை, கலங்கலானவை. அங்கே துணைக்கு ஆள் வந்தால் வழிதான் அடைபடும் என்று பெரும்பாலும் தனியாகவே போகிறார்கள். ஆனால் அவர்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சிலிண்டர் எடுத்துப் போகிறார்கள். துணையின் வேலையை இரண்டாவது சிலிண்டர் செய்கிறது. கயிற்றை மட்டும் அவர்களும் விடுவதில்லை.

2018 ஜூனில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டபோது, ஜூலை 2ல் அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டன், ஜான் வொலந்தன் இருவரும் இந்தப் பிரிட்டிஷ் மரபில் வந்தவர்கள். தண்ணீர் இறைக்கும் வேலையில் உதவ நம் நாட்டுக் கிர்லோஸ்கர் நிறுவனப் பொறியாளர்களும் போனார்கள். ஜூலை 6ல் சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் இறந்தார். ஜூலை 8 முதல் 10 வரை, மயக்க மருந்து கொடுத்த ஒவ்வொரு சிறுவனையும் ஒரு முக்குளிப்பவர் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் தொட்டபடி வெளியே கொண்டுவந்தார்.

எழுதியவருக்கே

எக்ஸ்லியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1994 ஏப்ரல் 6ல் மெக்சிகோவின் சகாதோன் என்ற பிரம்மாண்டமான நீர்க்குழியில் உலக ஆழச் சாதனைக்காக இறங்கினார். அதே நேரம் தனிக்கயிற்றில் இறங்கிய ஜிம் பௌடன் மேலே வந்துவிட்டார். எக்ஸ்லி வரவில்லை. பின்னர் கயிற்றை இழுத்தபோது, கயிறு சுற்றிய நிலையில் அவர் உடல் வந்தது. ஆழம் போகாதே என்று எழுதியவர் ஆழத்தில் இறந்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் எழுதிய விதிகளால் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. இறந்தவர்களைத்தானே எண்ண முடிகிறது?

ஆடு விரட்டப் போன நண்பனிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆடு கொல்லையை மேஞ்சா பரவாயில்லைங்கிறியா?" என்றான். "ஆமாண்டா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நானும் அன்னிக்கு ஓடி வர்றப்போ எண்ணிக்கிட்டேதாண்டா வந்தேன்" என்றான்.

இந்தக் கோடையில் படியில் இரண்டு பேர் நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.